நிறுத்திய பிறகு வரும் வாரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதைப் பழக்கம் குறித்துத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட தொடர் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். பதின்வயதினரையும் பெரியவர்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படித் தொடங்குகிறார்கள், எந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று பொறுமையாக எழுதியிருந்தீர்கள். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் எல்லாக் கட்டுரைகளும் ஒரே இடத்தில் வந்து முடிந்ததைக் கவனித்தேன். சிகிச்சை மையத்தின் வாசலில் ஒருவர் கையில் பையோடு நிற்கிறார். அழைத்துப்போகக் குடும்பத்தினர் வந்திருக்கிறார்கள். "இப்போது அவர் முழுமையாக மீண்டுவிட்டார்" என்ற வரியோடு கட்டுரை நிறைவடைகிறது. போதை மீட்புப் பிரிவில் 22 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கு அச்சம் தொடங்குவதே அந்த வாசலில்தான்.

பெயரும் ஊரும் சொல்லாமல் ஒரு நிகழ்வை எழுதுகிறேன். முப்பது வயதைக் கடந்த ஒருவர், பல ஆண்டுகளாக ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், நான் பணியாற்றிய பிரிவில் சேர்ந்து ஐந்து வாரம் தங்கினார். முதல் வாரத்தின் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை எல்லாவற்றையும் தாண்டி, உடல் தேறி, முகத்தில் களை திரும்பி, படிக்கத் தெரியாத மற்ற நோயாளிகளுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார். வீடு திரும்பும் நாளில், சாப்பிட வேண்டிய மாத்திரைகளையும் மறுபடி வர வேண்டிய தேதியையும் எழுதிய தாளை அவருடைய தாயின் கையில் கொடுத்தவள் நான். ஒன்பதாம் நாள் இரவு அவர் தம் அறையில் பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டார். அறையைக் கடந்துபோன தாய்க்கு மகனுடைய குறட்டை கேட்டிருக்கிறது. மாதக்கணக்கில் சரியாக உறங்காத பிள்ளை இன்றாவது அயர்ந்து உறங்குகிறானே என்று எண்ணி, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். விடிந்தபோது குறட்டை நின்றிருந்தது.

அது உறக்கத்தில் வரும் குறட்டை அன்று. நினைவிழந்தவரின் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்க, காற்று திக்கித் திணறி உள்ளே போய்வரும் ஓசை அது. இதை அந்தத் தாயிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் கொடுத்த தாளில் அதற்கென்று ஒரு வரி இருக்கவில்லை.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. அபினிலிருந்து எடுக்கப்படுபவையும் அதன் வழியில் செயற்கையாகச் செய்யப்படுபவையுமான பொருள்கள், அதாவது ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில், கடும் வலிக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் முதலியன, மூளைத்தண்டில் மூச்சை நடத்துகின்ற பகுதியை மந்தப்படுத்துகின்றன. நாள்தோறும் எடுத்துக்கொள்பவரின் உடல் அந்த மந்தத்துக்குப் பழகிப்போய், ஒரு காலத்தில் மயக்கம் தந்த அளவு பிற்பாடு உடல்வலியை நிறுத்தவே போதாத அளவாகிவிடும். இதைத் தாங்குதிறன் என்கிறோம். ஆண்டுக்கணக்கில் ஏறிய தாங்குதிறன், நிறுத்திய சில நாட்களிலேயே சரியத் தொடங்கிவிடுகிறது. சில வாரம் கழித்து அவருடைய உடல் ஏறத்தாழ ஒரு புதியவரின் உடல். கைக்கு நினைவிருப்பதோ பழைய அளவு. சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பழைய அளவு கொடிய நஞ்சாக மாறியிருக்கிறது என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்கிச் சொல்ல எனக்கே பல ஆண்டுகள் பிடித்தன. மீண்டவரின் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன் என்ற தயக்கம்தான் காரணம்.

இது என் அனுபவத்தில் மட்டும் கண்டது அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2007-இல் வெளிவந்தன. வெளியே வந்த முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதுடைய பொதுமக்களைவிட 12 மடங்குக்கும் மேலாக இருந்தது. அளவு மீறிய போதைப்பொருளால் இறக்கும் வாய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 129 மடங்கு. சிறை என்பதற்குப் பதிலாகச் சிகிச்சை மையம் என்று போட்டுக்கொண்டாலும் உடலின் கணக்கு மாறுவதில்லை. கட்டாயமாக நிறுத்தினாலும் விரும்பி நிறுத்தினாலும் தாங்குதிறன் ஒரே விதமாகத்தான் இறங்கும்.

இதைவிட வியப்பான ஒரு செய்தியும் உண்டு. 1982-இல் எலிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், நாள்தோறும் ஓர் இடத்தில் ஹெராயின் கொடுத்துப் பழக்கப்பட்ட எலிகளுக்குப் பிறகு பெரிய அளவு கொடுக்கப்பட்டது. பழகிய இடத்திலேயே அதைப் பெற்றவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறந்தன. அதே அளவைப் புதிய இடத்தில் பெற்றவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறந்தன. சுற்றியுள்ள சுவர், மணம், வெளிச்சம் ஆகியவற்றைக் கண்டதும் உடல் முன்கூட்டியே தன்னைத் தயார்செய்துகொள்கிறது என்பதும், பழக்கமில்லாத இடத்தில் அந்தத் தயாரிப்பு நிகழ்வதில்லை என்பதும் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வீட்டாருக்குத் தெரியாமல் புதிய இடம் தேடிப்போய், தாழிட்டுக்கொண்டு, தனியாக எடுத்துக்கொள்பவரை நினைத்துப் பாருங்கள். அவரை அங்கே துரத்துவது பெரும்பாலும் நம்முடைய கோபம்.

எனவே எந்த வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். தோளைப் பிடித்து உலுக்கி உரக்க அழைத்தும் ஒருவர் விழிக்கவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டு விட்டு வருகிறது, குறட்டை போன்ற அல்லது கொப்புளிப்பது போன்ற ஓசை கேட்கிறது, உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கின்றன, கண்ணின் பாவை குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கிறது என்றால், அவரை உறங்க விடக் கூடாது. உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டும். தனியே விட்டுவிட்டு நகரக் கூடாது. குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, எதையாவது குடிக்கக் கொடுப்பது ஆகியவற்றால் பயனில்லை, கெடுதல்தான் உண்டு. நலாக்சோன் என்றொரு மருந்து இருக்கிறது. ஊசியாகவும் மூக்கில் அடிக்கும் தெளிப்பானாகவும் வருகிறது. அமெரிக்காவில் 1971-லேயே ஒப்புதல் பெற்ற மருந்து அது. சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரக்கூடிய இந்த மருந்தை, அருகில் இருக்க நேரிடும் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். உடலில் தங்கியுள்ள போதைப்பொருள் மறுபடியும் மூச்சை அழுத்தலாம். ஆகவே கண் விழித்துவிட்டார் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

குடிநோயாளிகளின் கதை சற்று வேறு. அவர்களுக்கு ஆபத்து நிறுத்திய வாரத்திலேயே வந்துவிடுகிறது. ஹெராயினைத் திடீரென்று நிறுத்துபவர் படும் வேதனை பார்ப்பவரைக் கலங்கடிக்கும். ஆனால் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அது உயிரைப் பறிப்பதில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரு காலையில் சபதம் எடுத்து நிறுத்தினால் நிலைமை நேர்மாறு. கைநடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்தில் தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடும் மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத பூச்சிகள் ஊர்வதையும் இல்லாத மனிதர்கள் பேசுவதையும் கண்டும் கேட்டும் அலறுவார்கள். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்த நிலை சிகிச்சையின்றி விடப்பட்டால் மரணம் வரை போகக்கூடியது. மூன்றாம் நாள் இப்படி அலறியவரைக் கயிற்றால் கட்டி எங்களிடம் கொண்டுவந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். குடியை விட்டதால் பைத்தியம் பிடித்துவிட்டது, கொஞ்சம் ஊற்றிக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். நீண்ட நாள் தூக்க மாத்திரையும் பதற்ற மாத்திரையும் விழுங்கியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் குறைக்க முடியும். "மன உறுதி இருந்தால் இன்றே நிறுத்தலாம்" என்று தங்கள் தொடரில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த வாசகத்தை வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மன உறுதியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடியும் தொடுகிறார்கள் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. உயர் இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருந்தையும் கட்டுப்பாட்டையும் விட்டு மீண்டும் நோய் முற்றி வருவதும் ஏறத்தாழ இதே அளவில், இன்னும் சற்று மிகுதியாகவே, நிகழ்கிறது. இரத்த அழுத்தம் மறுபடி ஏறியவரை நாம் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். போதைப்பொருளை மறுபடி தொட்டவரிடம் "இத்தனை செலவு செய்தும் திருந்தவில்லையே" என்கிறோம். முன்னவரைப் போல இவருக்கும் உடலில் ஒன்று மாறியிருக்கிறது. இன்பத்தை எதிர்பார்த்துத் தேடும் மூளைப் பகுதிகள் போதைப்பொருளையே முதல் தேவையாகக் குறித்துக்கொண்டு, பழைய தெருமுனையையோ பழைய நண்பரையோ சம்பளம் வந்த கைபேசிக் குறுஞ்செய்தியையோ கண்டவுடன், அவர் யோசித்து முடிப்பதற்குள் ஏக்கத்தைக் கிளப்பிவிடுகின்றன. எங்கள் பிரிவில் ஒருவர் இதை "மனசு வேண்டாம் என்கிறது, கால் நடந்துபோகிறது" என்று சொல்வார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க வீரர்களிடம் 1971-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீரர் அங்கே இருந்தபோது ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமைப்பட்டிருந்ததாகச் சொன்னார். நாடு திரும்பியதும் பெரும் கேடு விளையும் என்று அரசு அஞ்சியது. ஆனால் அப்படி அடிமைப்பட்டிருந்தவர்களில் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அதே நிலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்கள் போதைப்பொருளை விட்ட இடம் ஒன்று, திரும்பிய இடம் வேறு. எங்கள் நோயாளிகளுக்கு இது தலைகீழ். ஐந்து வாரம் வேறொரு கூரையின் கீழ் வைத்துத் தேற்றி, பிறகு எந்த அறையில், எந்த நண்பர்கள் நடுவில், எந்தக் கடனும் எந்தச் சண்டையும் சூழ எடுத்துக்கொண்டாரோ, அதே இடத்துக்கு அனுப்பிவிட்டு, இனி எல்லாம் உன் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த வாரங்களைக் கடக்க மருந்துகள் இருக்கின்றன. ஹெராயின் பழக்கத்துக்கு, அதே அபின் வகையைச் சேர்ந்த மெத்தடோன் என்னும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த முதல் ஆய்வு 22 நோயாளிகளைப் பற்றியது. அது 1965-இல் வெளியானது. பின்னர் அதே வகையிலான புப்ரெனார்ஃபின் வந்தது. இரண்டும் 2005-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் காலத்தில் மரண வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இருந்தும், "ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா?" என்ற கேள்வியைக் குடும்பத்தாரும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில மருத்துவர்களும் கேட்கிறார்கள். மெதுவாக ஏறி, நெடுநேரம் ஒரே நிலையில் நின்று, போதையின் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஏக்கத்தை மட்டும் அடக்கி வைக்கும் மருந்து அது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரையும், ஊசியைத் தேடித் தெருவில் அலைகிறவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. குடிநோய்க்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் போன்ற மருந்துகள் உண்டு. இவற்றில் கடைசியாகச் சொன்னது எச்சரிக்கைக்குரியது. அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு மட்டுமே கொடுக்கப்பட வேண்டிய மருந்து அது. "அவருக்குத் தெரியாமலே உணவில் கலந்து கொடுக்கலாம்" என்னும் விளம்பரங்கள் நாளிதழ்களில் வருவதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. தலையங்கப் பக்கத்தில் விழிப்புணர்வு ஊட்டிவிட்டு விளம்பரப் பக்கத்தில் இதற்கு இடம் கொடுப்பது எப்படிப் பொருந்தும் என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் அலுவலகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள் 29.2 கோடிப் பேர். அவர்களில் பயன்பாடு நோயாக முற்றியவர்கள் 6.4 கோடிப் பேர். அந்த நோயாளிகளில் சிகிச்சை பெறுகிறவர் 11 பேரில் ஒருவர் மட்டுமே. மீதிப் பத்துப் பேரைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டாயமாக அடைத்து வைக்கும் போதை மறுவாழ்வு மையங்களை மூட வேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் 2012-இல் கூட்டாகக் கேட்டுக்கொண்டன. மருத்துவர் இல்லாமல் அடியும் பூட்டும் மட்டுமே உள்ள இடத்தில் ஒருவர் ஆறு மாதம் இருந்து வெளியே வந்தால், அவர் ஆறு மாதத் தாங்குதிறனை இழந்திருப்பார். அவர் பெற்றது அவ்வளவுதான்.

பதின்வயதினரைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் இன்னும் அடிமைப்பட்டவர்கள் அல்லர். பார்த்துவிடலாம் என்று தொட்டவர்கள். கஞ்சாவைத் தொட்ட எல்லா வயதினரிலும் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் அதைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போகிறார்கள் என்றால், பதின்வயதில் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ ஆறில் ஒருவராகிறது. தூண்டுதலை அடக்கி, பின்விளைவை எடைபோடும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சியை எட்டுகிறது; இன்பத்தைத் தேடும் பகுதி அதற்கு வெகு முன்பே வேகமெடுத்துவிடுகிறது. இந்த வயதில் ஒரு பழக்கத்தை ஓராண்டு தள்ளிப்போட முடிந்தாலும் அது பெரிய ஆதாயம். ஒட்டுப்பசை, பெயின்ட் தின்னர் ஆகியவற்றை முகர்வது மட்டும் தனி வகை. முதல் முறையிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அப்படி முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் அதட்டித் துரத்தக் கூடாது. அச்சமும் ஓட்டமும் சேர்ந்து அதே துடிப்பை இன்னும் குலைக்கும். நிதானமாக அருகில் போய், காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துவர வேண்டும்.

பதினாறு வயது மாணவன் ஒருவன், பாட்டிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பதற்ற மாத்திரைகளில் தொடங்கி, பிறகு வெளியில் வாங்கி விழுங்கும் வரை போனவன், எங்களிடம் வந்து மெதுவாக அளவு குறைக்கப்பட்டுத் தேறிப் பள்ளிக்குத் திரும்பினான். அங்கே நாள்தோறும் எல்லோர் முன்னிலையிலும் அவனுடைய பை மட்டும் சோதிக்கப்பட்டது. உடன் படித்தவர்களின் பெற்றோர் அவனோடு பேசக் கூடாதென்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மைதானத்தில் அவனோடு பேசியவர்கள் முன்பு மாத்திரை பகிர்ந்துகொண்ட அந்த நால்வர் மட்டுமே. இரண்டு மாதத்தில் அவன் மறுபடி எங்களிடம் வந்தபோது, "வேறு யார் இருக்கிறார்கள் சிஸ்டர்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய பள்ளியை நான் குற்றவாளியாக்க விரும்பவில்லை. மற்ற பிள்ளைகளைக் காக்கிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் அவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் நாளில் யார் அவனோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறார்கள், மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை அவன் எங்கே இருக்கப்போகிறான் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதாமல் அவனை அனுப்பக் கூடாதென்று அதன் பிறகு நான் பிடிவாதமாக இருந்தேன்.

அந்த மாலை நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்ட நாடு ஐஸ்லாந்து. 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னவர்கள் 42 விழுக்காடு. 2016-இல் 5 விழுக்காடு. நாள்தோறும் புகைத்தவர்கள் 23-லிருந்து 3 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். விளையாட்டு, இசை, கலை போன்றவற்றில் பிள்ளைகள் சேர அரசு பணம் ஒதுக்கியது. பெற்றோர் தங்களுக்குள் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டு, பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவிட்டார்கள். இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் சிறுவர்கள் தனியே வெளியில் இருப்பது தடுக்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் அதனுடைய கணக்கெடுப்பு முடிவுகள் விரைவாகத் திருப்பித் தரப்பட்டன. சிறிய நாட்டுக்குப் பொருந்தியதெல்லாம் எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மறுபுறம், 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, காவலர்கள் வகுப்பறைக்கு வந்து எச்சரிக்கும் பாடமாகப் பல நாடுகளுக்கும் பரவிய டேர் திட்டம், பிள்ளைகளின் பிற்காலப் பயன்பாட்டில் நிலையான குறைவு எதையும் தரவில்லை என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. தங்கள் தொடரில் வந்த அழுகிய நுரையீரல் படமும் சிதைந்த முகங்களும் எந்த வகையைச் சேர்ந்தவை என்று தாங்களே முடிவு செய்யலாம். அந்தப் படங்களைப் பார்த்த பதினாறு வயதுப் பிள்ளை, தனக்குத் தெரிந்த அண்ணன் இரண்டு ஆண்டுகளாக எடுத்துக்கொண்டும் அப்படி ஆகவில்லையே என்று நினைத்து, நாம் சொல்லும் மற்ற உண்மைகளையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். "போதை ஆசாமி", "குடிகாரர்", "திருந்தி வாழ்கிறார்" என்ற தொடர்கள் தங்கள் பக்கங்களில் மிகச் சாதாரணமாக வருகின்றன. திருந்துவது தவறு செய்தவர் செய்வது. நோயாளி குணமடைகிறார் அல்லது நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். 500-க்கும் மேற்பட்ட மனநலப் பணியாளர்களிடம் ஒரே நோயாளியின் விவரத்தை இரண்டு விதமான சொற்களில் எழுதிக் கொடுத்த ஆய்வு 2010-இல் வெளியானது. போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்ற சொல்லைப் படித்தவர்கள், நோயுடையவர் என்ற சொல்லைப் படித்தவர்களைவிட, அவரே குற்றவாளி, தண்டிக்கப்பட வேண்டியவர் என்று கருதும் போக்கை மிகுதியாகக் காட்டினார்கள். பயிற்சி பெற்றவர்கள் நிலையே அதுவென்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டியதில்லை. "அடிமை" என்ற சொல்லையும் நான் முழு மனத்தோடு ஏற்கவில்லை. ஆனால் அதற்கு மாற்றாக எளிய சொல் எனக்கும் அகப்படவில்லை, மேலே நானே அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அடிமைப்பட்டவன் தன் விருப்பத்தால் அங்கே இருப்பதில்லை என்ற அளவிலாவது அந்தச் சொல் அவனுக்கு நியாயம் செய்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடரில் இடம்பெற்றவர்களை ஓராண்டு கழித்து மறுபடி சந்தித்து எழுதுங்கள். அவர்களில் யாராவது மறுபடி தொட்டிருந்தால் அதையும் மறைக்காமல், அதே மரியாதையோடு எழுதுங்கள். தொட்ட பிறகு எத்தனை நாளில் உதவி கேட்டார், யாரிடம் கேட்டார், கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். கிலோ கணக்கில் போதைப்பொருள் பிடிபட்ட செய்தி வரும் ஒவ்வொரு முறையும், மூச்சு அடங்கும் அறிகுறிகளையும் செய்ய வேண்டியதையும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டமாகப் போடுங்கள். மறுபடி தொட்டவர் அன்றிரவே வீட்டாரிடம் சொல்லக்கூடிய நிலை இருந்தால், அவருடைய அறைக் கதவு உள்ளே தாழிடப்படாமல் இருக்கும். அவர் விழிக்காமல் போனாலும் யாராவது உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் வழியாக நோயாளிகளையும் அடையாளம் காண முடியும். நான் மேலே எழுதிய தாயைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். நான் கொடுத்த தாளைக் குறித்து அவர் இன்றுவரை என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தைத் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, இடம் போதவில்லையென்று தாங்கள் எதைச் சுருக்கினாலும் குறட்டை பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாமென்று எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்